மோதலின் கணக்கு

2017ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 21ஆம் நாள், பொழுது புலராத வேளை. ஜொகூர் மாநிலத்தின் தென்கிழக்கு மூலைக்கு அப்பால், பத்து புத்தே என்னும் பாறைத் தீவுக்கு அண்மையில், சிங்கப்பூர் நீரிணைக்குள் நுழைய இரு கப்பல்கள் மேற்கு நோக்கி வந்துகொண்டிருந்தன. ஒன்று அமெரிக்கக் கடற்படையின் 'ஜான் எஸ். மெக்கெய்ன்' என்னும் நாசகாரிக் கப்பல். மற்றொன்று லைபீரியக் கொடி தாங்கிய 'அல்னிக் எம்.சி.' என்னும் எண்ணெய்க் கப்பல். காலை 5 மணி 24 நிமிடத்துக்கு எண்ணெய்க் கப்பலின் மூக்கு போர்க்கப்பலின் இடப்புற விலாவைக் குத்திப் பிளந்தது. சுமார் 28 அடி அகலமுள்ள துளை விழுந்தது. கடற்படையினர் உறங்கிய அறை ஒன்று 15 அடி அகலத்திலிருந்து 5 அடியாக நசுங்கிற்று; ஒரு நிமிடத்துக்குள் அதில் கடல் நீர் நிறைந்தது. அங்கிருந்த 12 பேரில் இருவரே மீண்டனர். எண்ணெய்க் கப்பலிலோ ஒருவருக்கும் காயமில்லை.

மோதும்போது அந்த எண்ணெய்க் கப்பலின் வேகம் மணிக்குச் சுமார் 10 கடல் மைல். அதாவது சைக்கிளில் பள்ளிக்கூடம் செல்லும் சிறுவனின் வேகந்தான்! இவ்வளவு மெதுவாக வந்த ஒன்று எஃகுச் சுவரை எவ்வாறு கிழித்தது? ஒரே மோதலில் ஒரு பக்கம் பத்து உயிர்கள் போக, மறுபக்கம் ஒரு கீறலும் இல்லாதது எவ்வாறு? பௌதிகப் பாடத்தின் தொடக்கத்திலேயே வரும் ஒரு சிறு பெருக்கல் கணக்கு இவ்விரு கேள்விகளுக்கும் விடை தருகிறது.

ஓடும் பொருளை நிறுத்துவது எவ்வளவு கடினம் என்பது அதன் வேகத்தை மட்டும் பொறுத்ததன்று. அதன் நிறையையும் பொறுத்தது. நிறையை வேகத்தால் பெருக்கி வரும் தொகையை 'உந்தம்' என்கிறோம். நம் நாட்டுப் பிள்ளைகள் நான்காம் படிவத்தில் 'மொமெந்தம்' என்று படிப்பது இதுவே. எண்ணெய்க் கப்பலின் நிறையைக் கணக்கின் வசதிக்காக 30,000 டன் என்று கொள்வோம். மணிக்குப் பத்துக் கடல் மைல் என்பது வினாடிக்கு ஏறத்தாழ 5 மீட்டர். மூன்று கோடி கிலோகிராமை ஐந்தால் பெருக்கினால் பதினைந்து கோடி. ஒரு டன் நிறையுள்ள மோட்டார் கார் நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும்போது அதன் உந்தம் 28,000 தான். சைக்கிள் வேகத்தில் ஊர்ந்த அந்தக் கப்பல், பறந்து வரும் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட கார்களுக்குச் சமம்!

உந்தத்துக்குத் திசையும் உண்டு என்பதை மாணவர் பலர் மறந்து விடுகின்றனர். அவர்களைக் குறை கூறுவானேன்? பிரெஞ்சு அறிஞர் டேக்கார்ட்டே இவ்விடத்தில் சறுக்கியவர். 1644இல் வெளியான தம் நூலில், உலகிலுள்ள இயக்கத்தின் மொத்த அளவு மாறாதது என்ற அரிய கருத்தை அவர் சொன்னார்; ஆனால் திசையைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஆகவே மோதல் பற்றி அவர் வகுத்த விதிகள் பல அனுபவத்துக்கு ஒவ்வாமற் போயின. 1668, 1669ஆம் ஆண்டுகளில் லண்டன் ராயல் சங்கம் இப்பிரச்சினையை எழுப்ப, ஹைகன்ஸ், ரென், வாலிஸ் என்னும் மூவரும் திருத்தமான விதிகளை அனுப்பினர். எதிர்த்திசையில் செல்வதைக் கழித்துக் கணக்கிட்டால், மோதலுக்கு முன்பும் பின்பும் மொத்த உந்தம் ஒன்றே. நியூட்டனின் 1687ஆம் ஆண்டுப் பெருநூலுக்கு இவ்விதிகள் துணையாயின.

இனி நம் கடலுக்குத் திரும்புவோம். அன்றைய மோதல் சரிவான கோணத்தில் நிகழ்ந்தது. இரு கப்பல்களும் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றோடு கடல் நீரும் இழுபட்டது. இவ்வளவையும் கணக்கில் கொண்டுவருவது பொறியியலாளர் வேலை. பாடத்துக்காக இதனை எளிதாக்குவோம். 9,000 டன் நாசகாரி அசையாமல் நிற்கிறது. 30,000 டன் எண்ணெய்க் கப்பல் வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வந்து மோதி, இரண்டும் ஒட்டிக்கொண்டு நகர்கின்றன. பதினைந்து கோடி உந்தத்தை இப்போது 39,000 டன் சுமக்க வேண்டும். எனவே இரண்டின் வேகமும் வினாடிக்கு ஏறத்தாழ 3.85 மீட்டர். பெரிய கப்பல் இழந்தது 1.15 மீட்டர் மட்டுமே. சிறிய கப்பலோ நின்ற நிலையிலிருந்து 3.85 மீட்டர் வேகத்துக்குத் தூக்கி எறியப்பட்டது.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். பெரிய கப்பல் சிறியதைப் பலமாக அடித்தது, சிறியது பெரியதை மெல்லத் தட்டியது என்றே பலரும் நினைப்பர். அப்படியன்று. இழந்த உந்தமும் பெற்ற உந்தமும் சமம். இரு கப்பல்களும் வாங்கிய அடி ஒன்றே. அதே அடி 30,000 டன்னைச் சற்றே அசைக்கிறது, 9,000 டன்னை உலுக்கி விடுகிறது. மேலும், அடி வாங்கிய இடங்களும் வேறு. ஒன்றில் கடலைப் பிளக்கக் கட்டிய தடித்த மூக்கு. மற்றொன்றில் மனிதர் உறங்கும் அறையின் பக்கச் சுவர்.

உந்தம் மிஞ்சியது, ஆற்றலோ அவ்வாறு மிஞ்சவில்லை. நம் எளிய கணக்கின்படி, மோதலுக்கு முன் இருந்த இயக்க ஆற்றலில் ஏறக்குறைய கால் பங்கு மோதலுக்குப் பின் காணப்படவில்லை. அது எஃகை வளைக்கவும் கிழிக்கவும் சூடாக்கவும் செலவாயிற்று. இத்தகைய மோதலை 'மீளா மோதல்' என்பர். கேரம் பலகையில் காய்கள் மோதித் தெறிப்பது, இதற்கு மாறாக, ஏறக்குறைய 'மீள் மோதல்'.

மோதலுக்கு முந்திய சில நிமிடங்களில், போர்க்கப்பலின் மாலுமிகள் சுக்கானும் இயந்திர விசையும் யார் கையில் உள்ளன என்று குழம்பினர். வேகத்தைக் குறைக்கும் கட்டளை இரு சுழல் விசிறிகளில் இடப்புறத்தை மட்டுமே எட்டியது. வலப்புறம் முன்போலவே தள்ள, கப்பல் இடப்பக்கம் திரும்பி எண்ணெய்க் கப்பலின் வழியில் குறுக்கிட்டது. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2019இல் வெளியிட்ட அறிக்கை, கடற்படையின் மேற்பார்வைக் குறைவையும் பயிற்சிக் குறைவையும் சுட்டியது. இத்தகைய நிறைகளைச் சில நிமிடங்களில் அடக்க இயலாது. நிறை சுமந்த பெருங்கப்பல் நிற்கவே பல கிலோமீட்டர் தேவை. ஆண்டுக்கு 80,000க்கு மேற்பட்ட கப்பல்கள் செல்லும் மலாக்கா, சிங்கப்பூர் நீரிணைகளில் ஒவ்வொரு திருப்பமும் நெடுந்தொலைவுக்கு முன்பே தீர்மானிக்கப்படுவது இதனாலேயே.

உந்தத்தை மாற்ற விசை வேண்டும். அவ்விசை செயற்படக் காலமும் வேண்டும். விசையையும் காலத்தையும் பெருக்கி வருவது 'கணத்தாக்கு'. அது உந்தத்தின் மாற்றத்துக்குச் சமம். உந்த மாற்றம் இவ்வளவு என்று முடிவான பின், நம் கையில் எஞ்சுவது காலம் ஒன்றே. காலத்தை ஐந்து மடங்கு நீட்டினால் விசை ஐந்தில் ஒரு பங்காகும். கிரிக்கெட் ஆடுவோன் பந்தைப் பிடிக்கும்போது கையைப் பின்னுக்கு இழுப்பதன் இரகசியம் இதுவே.

கப்பல்களை நம்மில் பெரும்பாலோர் கரையிலிருந்தே காண்கிறோம். ஆனால் விடியுமுன் ஜொகூர் பாரு கடற்பாலத்தில் ஆயிரக்கணக்கில் திரளும் மோட்டார் சைக்கிள்களில் நம் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. மலேசியச் சாலைகளில் உயிரிழப்போரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே. தலைக்கவசம் 1973 முதல் இந்நாட்டில் கட்டாயம். அதற்குரிய மலேசியத் தர அளவையின் எண் 1.

தலைக்குச் சுமார் 5 கிலோகிராம் நிறை. ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து சாய்ந்து விழுந்தாலே அது வினாடிக்கு 5.4 மீட்டர் வேகத்தில் தரையைத் தொடும். வண்டியின் வேகத்தை நான் இன்னும் சேர்க்கவில்லை. தோலும் எலும்பும் அரை சென்டிமீட்டர் அமுங்கித் தலை நின்றால், நிற்கும் நேரம் வினாடியில் ஆயிரத்தில் இரண்டு பங்குக்கும் குறைவு. மண்டையில் விழும் விசை சுமார் 1,500 கிலோகிராம் பாரத்துக்குச் சமம். கவசத்தினுள் உள்ள வெள்ளை நுரை இரண்டரை சென்டிமீட்டர் நசுங்கினால் நேரம் ஐந்து மடங்கு நீளும். விசை 300 கிலோகிராம் பாரமாகக் குறையும். அதுவும் சிறிய அடியன்று. ஆயினும் பிழைக்க வழியுண்டு. தாடைப் பட்டையை மாட்டாதவருக்கு இந்த நேரம் கிடைப்பதில்லை. தலை தரையைத் தொடுமுன் கவசம் கழன்று ஓடிவிடும்.

நுரைக்குப் பதில் ரப்பரை வைக்கலாமே என்று தோட்டப்புறத்து நண்பர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. ரப்பர் துள்ளும். வந்த வேகத்திலேயே தலை திரும்பித் தெறித்தால், உந்தம் சுழியாவதோடு நில்லாமல் எதிர்த்திசையில் அதே அளவு மாற வேண்டும், கணத்தாக்கு இரட்டிக்கும். ஆகையால் துள்ளாமல் நசுங்கி அப்படியே கிடக்கும் பொருளே தேவை. ஆழ்ந்து பார்த்தால், தலைக்கவசம் என்பது மனிதன் வேண்டுமென்றே செய்துவைத்த மீளா மோதல்!

இதனாலேயே பலமாக அடிபட்ட கவசம் மறுமுறைக்கு உதவாது. கீறலைத் தேய்த்து, வண்ணம் பூசி, மீண்டும் அணிவோர் பலரைக் கண்டிருக்கிறேன். மேலோடு புதிதுபோல் பளபளக்கும். உள்ளே நுரை நசுங்கியது நசுங்கியதே.