இப்பால், அப்பால்: ஒரு மருந்தின் பெயர்
'சிஸ்பிளாட்டின்' என்னும் புற்றுநோய் மருந்தின் பெயரிலுள்ள 'சிஸ்' இலத்தீனில் 'இப்பால்' எனப் பொருள்படும். பிளாட்டின அணுவின் இரண்டு குளோரைடுகளும் ஒரே பக்கம் அமைந்திருப்பதை அச்சொல் சுட்டுகிறது. உயிரணுவினுள் குளோரைடு குறைவாதலின் அவை நீங்கி, நீர் மூலக்கூறுகள் அங்கே அமர்கின்றன. பின்னர் அந்நீரும் விலக, பிளாட்டினம் பெரும்பாலும் டி.என்.ஏ.வின் ஓரிழையில் அடுத்தடுத்துள்ள இரு குவானின்களைப் பற்றிக்கொள்கிறது. இரட்டைச் சுருள் வளைகிறது, படியெடுப்புத் தடைப்படுகிறது, பழுது நீங்காவிடில் உயிரணு மாய்கிறது.

'டிரான்ஸ்', அதாவது 'அப்பால்', வடிவிலும் அதே அணுக்களே உள்ளன. ஆயினும் குளோரைடுகள் எதிரெதிரே நிற்பதால் அடுத்தடுத்த குவானின்களை அது அவ்வாறு இணைக்க இயலாது. மருந்தாகவும் அது பயன்படவில்லை. இப்பால் வடிவமோ 1978இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

மாணவர்களே, திகாம் பத்தில் நம் வீட்டு மூத்தோர் ஒருவருக்கு இம்மருந்து ஏற்றப்படுகையில், அது என் செய்கிறது என்பதைத் தமிழில் எடுத்துரைக்க நம்மால் இயல வேண்டும். புரிந்த சொல் அச்சத்தைக் குறைக்கும்.