வேலையிழந்தவரும் 60 நாளும்

வேலையை விடுவது வேறு. வேலை போவது வேறு. பேச்சு வழக்கில் இரண்டையும் ‘வேலை நின்றுவிட்டது’ என்றே சொல்லிவிடுகிறோம். மலேசியச் சட்டமோ இவ்விரண்டையும் ஒன்றாகக் கொள்வதில்லை. இவ்வேறுபாட்டை அறியாதவர் தமக்குரிய பணத்தை இழக்க நேரும்.

ஆட்குறைப்பு வரும்பொழுது, “நீங்களே விலகல் கடிதம் கொடுத்துவிடுங்கள், அடுத்த இடத்தில் நல்ல பெயர் இருக்கும்” என்று தொழிலாளியிடம் சொல்லும் முதலாளிகள் உண்டு. கடிதத்தின் மொழி விளங்காமலோ மானத்திற்கு அஞ்சியோ அவரும் கையொப்பம் இட்டுவிடுவார். அதனால் அவர் இழப்பன இரண்டு.

முதலாவது, ஆட்குறைப்பு இழப்பீடு. தீபகற்ப மலேசியாவில், மாதம் 4,000 வெள்ளிக்கு மேற்படாத சம்பளம் பெறுவோர்க்கு 1980-ஆம் ஆண்டு விதிகள் இதனை உறுதி செய்கின்றன. ஓராண்டு நிறைந்து ஈராண்டு நிறையாதவர்க்கு, ஆண்டொன்றுக்கு 10 நாள் சம்பளம். 2 முதல் 5 ஆண்டுக்குள் பணியாற்றியவர்க்கு 15 நாள். அதற்கு மேற்பட்டவர்க்கு 20 நாள். எட்டாண்டு உழைத்தவர் கணக்கு 160 நாள் சம்பளமாகும். தாமே விலகினார் எனில் இதில் ஒரு காசும் இல்லை.

இரண்டாவது, சொக்சோ நடத்தும் வேலையிழப்புக் காப்புறுதி. 2017-இல் இயற்றப்பட்ட இச்சட்டம் 2018 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. தொழிலாளி 0.2 விழுக்காடும் முதலாளி 0.2 விழுக்காடும் சந்தா செலுத்தும் முறை அதில் வகுக்கப்பட்டது. வேலையிழந்தவர்க்கு முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, இரண்டாம் மாதம் 50, அடுத்த இரு மாதங்களில் 40, இறுதி இரு மாதங்களில் 30 என்பது அச்சட்டம் வகுத்த அளவு. சந்தா செலுத்திய காலத்திற்கேற்ப இது 3 முதல் 6 மாதம் வரை கிடைக்கும். 2,000 வெள்ளி சம்பளக்காரர் ஆறு மாதமும் பெற்றால், ஏறத்தாழ 5,400 வெள்ளியாகும். ஆட்குறைப்பு, ஆலை மூடல், நிறுவனமே அறிவிக்கும் விருப்ப விலகல் திட்டம் ஆகியவை இதில் அடங்கும். தாமாக விலகுதல், ஒப்பந்தக் காலம் முடிதல், ஒழுங்கீனத்திற்காக நீக்கப்படுதல் ஆகியவை அடங்கா.

இனி, வேலையிழந்தவர் செய்யவேண்டுவன யாவை? பணிநீக்கக் கடிதத்தைக் கேட்டு வாங்குக. சம்பளச் சீட்டுகளைப் பாதுகாத்து வைக்க. வேலையிழந்த 60 நாளுக்குள் சொக்சோவில் விண்ணப்பிக்க. நியாயமின்றி நீக்கப்பட்டதாகக் கருதுவோர் தொழில் உறவுத் துறையில் முறையிடவும் 60 நாளே தவணை. ‘பார்க்கலாம்’ என்று நாள் கடத்தினால் உரிமை கைநழுவும்.

உதவித்தொகை வேலை தேடுவோர்க்கே உரியது. ஆகவே சொக்சோவின் மைபியூச்சர்ஜோப்ஸ் தளத்தில் பதிந்து, நேர்காணலுக்குத் தவறாது செல்ல வேண்டும். விரைவில் வேலை கிடைத்தால் உதவித்தொகை வீணாகிவிடுமே என்று சிலர் தயங்குவர். அத்தயக்கம் தேவையில்லை. பெறாது எஞ்சிய உதவித்தொகையில் 25 விழுக்காட்டை ஒருசேரத் தரவும் அச்சட்டம் வழி செய்தது.

அலுவலகக் கடிதம் எதுவாயினும் அதனைத் தமிழாசிரியரிடம் காட்டிப் பொருள் கேட்பது நம் குடியிருப்புகளில் பழகிய வழக்கம். பெரும்பாலும் கையொப்பம் இட்ட பின்னரே அது ஆசிரியர் கைக்கு வருகிறது. “எதையும் வீட்டுக்குக் கொண்டுவந்து, படித்தறிந்த பின் கையொப்பம் இடுங்கள்” என்று பெற்றோரைக் காணும்போதெல்லாம் சொல்லி வைத்தல் வேண்டும். ஆசிரியப் பெருமக்கள் இதனை மனங்கொள்வார்களாக.