மார்பில் கட்டுவதா, நெற்றியில் மாட்டுவதா?

இரவில் தூக்கம் பிடிக்காதவர்களும், சட்டென்று படபடப்பு வருகிறவர்களும் இப்போது, உடம்பின் அளவுகளைத் திரையில் பார்த்து அவற்றை மாற்றப் பழகும் பயோஃபீட்பேக் பயிற்சியை வீட்டிலேயே செய்ய சென்சார் தேடுகிறார்கள். நெற்றிப் பட்டை, மார்புப் பட்டை, காது கிளிப், விரலில் ஒட்டும் கம்பி என்று கடைவிரித்திருக்கிறார்கள். விலையைப் பார்ப்பதற்கு முன் கேட்க வேண்டியது ஒன்று: இது என் உடம்பில் எதை அளக்கிறது, அதை என்னால் மாற்ற முடியுமா?

பழைய வழி, விரல் வெப்பநிலை. பதற்றத்தில் ரத்தக்குழாய்கள் சுருங்கிக் கை சில்லிட்டுப் போகும். மனம் தளர்ந்தால் கை சூடாகும். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் மெனிங்கர் ஃபவுண்டேஷனில் ஆய்வாளர் எல்மர் கிரீன் இதை வைத்துத்தான் ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். 1970-ல் அங்கே போன யோகி சுவாமி ராமா, ஒரே உள்ளங்கையின் இரண்டு இடங்களில் வெவ்வேறு வெப்பநிலையை வரவழைத்துக் காட்டினார். சென்சாரும் மலிவு. ஆனால் மே மாதத்துச் சென்னையில் சும்மா உட்கார்ந்திருந்தாலே விரல் சூடாகத்தான் இருக்கும். அதற்கு மேல் ஏற இடமேது? இந்த முறை ஊட்டிக்கும் ஏசி அறைக்கும்தான் பொருந்தும்.

உள்ளங்கை வியர்வையை அளக்கும் சென்சாருக்கும் நம் புழுக்கம் எதிரி. யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால்கூட ஓரிரு விநாடியில் கோடு எகிறும். பதற்றம் எப்போது வருகிறது என்று கண்டுபிடிக்க நல்லது; அமைதியைப் பழக அவ்வளவு உதவாது.

மூளை அலையை அளக்க நெற்றியில் மாட்டும் ஈஈஜி பட்டைதான் விலையிலும் விளம்பரத்திலும் முன்னால் நிற்கிறது. மூளை அலையின் மின்சாரம் மிக மிகச் சிறியது. கண் சிமிட்டினாலோ பல்லைக் கடித்தாலோ அதைவிடப் பெரிய சிக்னல் கிளம்பி அதை மூழ்கடித்துவிடும். முதல் சென்சாராக இதை வாங்க நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

நான் சொல்வது மார்புப் பட்டையை. நாடி நிமிடத்துக்கு 60 என்றால் சரியாக விநாடிக்கு ஒரு துடிப்பு என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. மூச்சை இழுக்கும்போது துடிப்புகள் நெருங்கும், விடும்போது விலகும். இந்த ஏற்ற இறக்கத்தைத்தான் பட்டை படம் பிடிக்கிறது. எலெக்ட்ரோடைத் தண்ணீரில் நனைத்து, நெஞ்சுத் தசைக்குக் கீழே இறுக்கிக் கட்டி உட்காருங்கள். முதலில் பட்டையோடு இணைத்த போனில் கோணல்மாணலாக ஒரு கோடு ஓடும். நாலு விநாடி இழுத்து, ஆறு விநாடி மெதுவாக விடுங்கள். பெரும்பாலானவர்களுக்குச் சில நிமிடத்தில் அந்தக் கிறுக்கல் சீரான பெரிய அலையாக எழுந்து தாழும். நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற இந்த அளவு ஆளுக்கு ஆள் சற்றுக் கூடும், குறையும். ரத்த அழுத்தத்தைச் சரிசெய்யும் உடம்பின் சொந்தத் தாளமும் ஏறக்குறைய இதே வேகம்தான். இரண்டும் சேரும்போது அலை பெரிதாகிறது. இத்தாலியின் லூச்சியானோ பெர்னார்டி குழு 2001-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதிய ஆய்வு எனக்கு மிகப் பிடித்தது. லத்தீன் ஜெபமாலையும் யோக மந்திரமும் சொன்னவர்களின் மூச்சு தானாகவே நிமிடத்துக்கு ஆறுக்கு வந்து நின்றது. ஜபம் செய்யும் நம் பாட்டிகளுக்குப் பட்டை இல்லாமலே இது வாய்த்திருக்கிறது.

கொரோனா காலத்தில் வாங்கிய பல்ஸ் ஆக்சிமீட்டர் போதாதா? போதாது. அது சில விநாடிகளின் சராசரியைக் காட்டுகிறது. நமக்கு வேண்டியது ஒவ்வொரு துடிப்புக்கும் நடுவே உள்ள இடைவெளி. அந்த இடைவெளியைப் புளூடூத்தில் எந்த ஆப்புக்கும் தருமா என்று கேட்டு வாங்குங்கள். போலார் எச்10 என்ற மார்புப் பட்டை தரும். சொந்த ஆப்பில் மட்டும் வேலை செய்து, மாதச் சந்தா கேட்கும் கருவிகளைத் தவிர்த்துவிடலாம். கையைவிட்டுக் காசு போகாமல் தொடங்க, போன் கேமராவின் மேல் விரலை வைத்துத் துடிப்பு இடைவெளியை அளக்கும் ஆப்களே போதும். விரல் அசையாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் போன்ற சீரற்ற இதயத்துடிப்பு உள்ளவர்களுக்கு இந்த அலை எதையும் சொல்லாது. பேஸ்மேக்கர் வைத்தவர்கள் டாக்டரிடம் கேட்காமல் வாங்க வேண்டாம். பல வருடமாகச் சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு நரம்பு பாதிப்பால் அலை தாழ்வாகவே ஓடலாம். பீட்டா பிளாக்கர் மாத்திரையும் கணக்கை மாற்றும். பயிற்சி சரியில்லை என்று அவர்கள் மனம் தளரக் கூடாது. மற்றவர்களும் முதல் வாரம் ஆப் போடும் மதிப்பெண்ணைப் பார்க்காமல் அலையை மட்டும் பாருங்கள். மார்க்கைத் துரத்தினால் மூச்சு இறுகும், இறுகினால் அலை உடையும்.