கையுறைப் பொடியும் ஆறாத புண்ணும்

மேலப்பாளையத்தில் நோயாளரைச் சந்திக்கச் செல்லுகையில், சர்க்கரை நோயால் காலில் புண் கண்டோருக்கு வீட்டாரே கையுறை அணிந்து கட்டுப்போடுவதைக் காண்கிறோம். நல்ல வழக்கமே. ஆயினும் அக்கையுறையில் பொடி தூவப்பட்டுள்ளதா எனக் கவனித்தல் வேண்டும். கை எளிதில் நுழைவதற்கென இடப்படும் சோளமாவே அப்பொடி. அது புண்ணில் விழுந்தால், உடல் அதனை அந்நியப் பொருளாகக் கொண்டு அழற்சியுறும். புண் ஆறுதல் தாமதமாகலாம். ரப்பர்க் கையுறையாயின், ரப்பரின் புரதத்தையும் பொடி காற்றிலே சுமந்து சென்று, ஒவ்வாமையுள்ளோருக்கு மூச்சுத்திணறல் தரக்கூடும். இக்காரணங்களால் அமெரிக்க அரசு 2017 ஜனவரி 18 முதல் பொடியிட்ட மருத்துவக் கையுறைகளைத் தடை செய்தது. கழுவினாலும் பொடி முற்றிலும் நீங்காது. ஆகவே, பெட்டியில் ‘பவுடர் ஃப்ரீ’ என அச்சிட்டிருத்தலைப் பார்த்தே வாங்குவோமாக. அன்போடு தொடும் கையே புண்ணுக்குப் பகையாகலாமா?