டிக்கி பாரின் கூரை யாருடையது?

புளோரிடாவில் பல வீடுகளின் பின்புறம், நீச்சல்குளத்து ஓரமாக, ஓலை வேய்ந்த சிறிய மதுக்கூடம் ஒன்றைப் பார்க்கலாம். டிக்கி பார் என்பார்கள். 1930களில் ஹாலிவுட்டில் 'டான் தி பீச்கோம்பர்' என்ற மதுக்கூடம் தொடங்கிவைத்த மோகம் இது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வீட்டுத் தோட்டங்களுக்கும் பரவியது. அங்கே நிறுத்திவைக்கும் மரச்சிலை, பாலினேசியத் தீவு மக்களின் மூதாதையர் உருவங்களைப் பார்த்துச் செதுக்கியது. ஆனால் புளோரிடாவில் தலைக்கு மேலே இருக்கும் கூரை பெரும்பாலும் அந்த மண்ணுக்கே உரியது: செமினோல் பழங்குடிகளின் 'சிக்கி'.

அது போரில் பிறந்த வீடு. 19ஆம் நூற்றாண்டில், முக்கியமாக 1835 முதல் 1842 வரை நடந்த போரில், அமெரிக்க ராணுவம் துரத்தத் துரத்த செமினோல்கள் தெற்கே எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்துக்குள் போனார்கள். மரக்கட்டைகளை அடுக்கி வீடு கட்டி வாழ்ந்தவர்களுக்கு, இப்போது சீக்கிரம் எழுப்பவும் சட்டென்று விட்டுப் போகவும் தோதான வீடு தேவைப்பட்டது. நான்கு பக்கமும் சுவர் இல்லாமல் காற்றோட்டம், தண்ணீர் ஏறாத உயரத்தில் பலகைத் தளம், மேலே ஓலை. சமையலுக்குத் தனிச் சிக்கி உண்டு. அதன் நடுவில் நீளக் கட்டைகளின் நுனிகளை ஓரிடத்தில் சேர்த்துத் தீ மூட்டி, எரிய எரிய உள்ளே தள்ளிவிடுவார்கள். அந்தப் புகை கூரையில் பூச்சி அண்டாமலும் பார்த்துக்கொண்டது.

இன்று தோட்டத்தில் கட்டுவதும் அடிப்படையில் அதே சட்டகம்தான். தளம் மட்டும் இல்லை. பட்டை உரித்த சைப்ரஸ் மரத்தூண்களை ஆழமாக நடுகிறார்கள். சைப்ரஸின் வைரம் ஈரத்தில் லேசில் உளுத்துப்போகாது. தூண்களின் மேல் விட்டம், முகட்டு வளை, கைமரம், குறுக்கே வரிச்சு. ஓலை, சபால் என்னும் பனை வகையிலிருந்து வருகிறது. அதுவே புளோரிடாவின் மாநில மரமும்கூட. நம் பனையோலை போல விசிறியாக விரியும், ஆனால் மட்டையில் கருக்கு கிடையாது. நடுநரம்பு ஓலைக்குள்ளும் நீண்டு வளைந்து போவதால் அது தட்டையாகப் படியாது. பச்சை ஓலையையே வேய்கிறார்கள். காய்ந்து பழுப்பாவது கூரையில் ஏறிய பிறகுதான்.

வேலை இறவாரத்தில் தொடங்கி முகட்டை நோக்கி ஏறும். ஒவ்வொரு வரிசையும் கீழ்வரிசையின் பெரும்பகுதியை மூட வேண்டும். ஓலைக்கூரை தண்ணீரைத் தடுப்பதில்லை, வழிநடத்துகிறது. ஒரு துளி விழுந்தால் மடிப்புகளின் பள்ளத்தில் வழிந்து, நுனியிலிருந்து அடுத்த ஓலைக்குத் தாவும். அடுக்கின் உள்ளே இறங்குவதற்குள் இறவாரத்தைத் தாண்டிவிடும். சாய்வு குறைந்தால் இந்த ஓட்டம் தளர்ந்து, ஈரம் தங்கி, ஓலை மக்கும். அழகுக்காகக் கூரையைத் தாழ்த்தச் சொல்கிறவர்கள் இதைத்தான் கவனிப்பதில்லை. இரு சாய்வும் சேரும் முகடுதான் பலவீனமான இடம். அங்கே கை நிறைய ஓலை போட வேண்டும்.

சட்டமும் இந்தக் கைவினையை மதிக்கிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. செமினோல் அல்லது மிக்கோசுக்கி பழங்குடியினர் கட்டும் சிக்கிக்குப் புளோரிடா கட்டட விதிகளிலிருந்து விலக்கு உண்டு. பக்கங்கள் திறந்திருக்க வேண்டும். மின்சாரம், குழாய், மரமல்லாத பிற அம்சங்கள் எதுவும் இருக்கக் கூடாது. அதே கூரையை வேறொருவர் கட்டினால் இந்த விலக்கு இல்லை. மின்விசிறி மாட்டினாலோ கை கழுவத் தொட்டி வைத்தாலோ சட்டத்தின் பார்வையில் அது சிக்கியே அல்ல. ஆகவே விளக்கும் குளிர்பெட்டியும் வேண்டும் என்பவர்கள் அதை முதலிலேயே முடிவு செய்து, முறைப்படி அனுமதி வாங்க வேண்டும். காய்ந்த ஓலைக்குத் தீத்தடுப்பு மருந்து அடிப்பதும் அவசியம். மருந்து அடித்துவிட்டோம் என்று இறைச்சி வாட்டும் அடுப்பைக் கூரைக்குக் கீழே கொண்டுவந்துவிடக் கூடாது. அதன் இடம் வெளியேதான்.