பேச்சிப்பாறை ஷட்டரும் கரகரக்கும் கித்தாரும்

கோயில் கொடையில் வில்லுப்பாட்டு சூடுபிடிக்கும்போது கூம்பு ஸ்பீக்கரைக் கவனித்திருக்கிறீர்களா? புலவர் குரலை உயர்த்துவார், உடுக்கை அதிரும், வீசுகோல் வில்லின் மேல் வேகமாக விழும். திடீரென்று குரலில் ஒரு கரகரப்பு ஏறும். மைக் செட்டுக்காரர் ஓடிவந்து சத்தத்தைக் குறைப்பார். அவர் விரட்டுகிற அதே கரகரப்பை எலெக்ட்ரிக் கித்தார் கலைஞர்கள் காசு கொடுத்து வாங்குகிறார்கள். காலால் மிதித்து இயக்கும் அந்தச் சின்னப் பெட்டிக்கு ஃபஸ் பெடல் என்று பெயர்.

அது பிறந்ததே ஒரு பழுதினால்தான். அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் பாடகர் மார்ட்டி ராபின்ஸின் பாட்டு ஒன்றைப் பதிவு செய்தபோது ஒலிப்பதிவுக் கருவி கெட்டு, கிரேடி மார்ட்டின் வாசித்த கித்தார் கரகரத்தது. 1961-இல் அப்படியே வெளிவந்த அந்த ஒலி பலருக்குப் பிடித்துப்போனது. பதிவுப் பொறியாளர் கிளென் ஸ்நாடி, அதை வேண்டும்போது வரவழைக்க டிரான்சிஸ்டர்களால் ஒரு சர்க்யூட் அமைத்தார். 1962-இல் அது மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்ற பெயரில் கடைக்கு வந்தது.

உள்ளே என்ன நடக்கிறது? பேச்சிப்பாறை அணையின் ஷட்டரைக் கொஞ்சம் திருகினால் கால்வாயில் பெருவெள்ளம் பாயும். திருகும் கைக்கு வேலை சிறிது; பாய்வது அணைத் தண்ணீர். டிரான்சிஸ்டரின் மூன்று கால்களில் பேஸ்தான் அந்தக் கை. கித்தாரின் அலையால் அது அசைய அசைய, கலெக்டரிலிருந்து எமிட்டருக்கு 9 வோல்ட் பேட்டரியின் மின்சாரம் கூடியும் குறைந்தும் ஓடும். கித்தார் சும்மா இருக்கும்போதும் ஷட்டர் ஓரளவு திறந்தே இருக்க ஒரு ரெசிஸ்டர் வைப்பார்கள். பேட்டரி மின்சாரம் கித்தாருக்குள் போகாமல் தடுத்து, ஆடும் அலையை மட்டும் விடுவது கெப்பாசிட்டர்.

கம்பி அதிரும்போது, அந்த அதிர்வை மின் அலையாக்கும் பிக்கப்பில் சுமார் 0.1 வோல்ட் அலை எழுகிறது என்று வைத்துக்கொள்வோம். பிசி547 என்ற மலிவான டிரான்சிஸ்டர் ஒன்றே அதை நூறு மடங்கு பெருக்க முயலும். மேலே 10 வோல்ட், கீழே 10 வோல்ட், ஆக 20 வோல்ட் வேண்டும். பேட்டரியில் இருப்பதோ 9! ஷட்டர் முழுக்கத் திறந்தபின் எவ்வளவு திருகினாலும் தண்ணீர் கூடாது. முழுக்க மூடியபின் குறையவும் வழியில்லை. எனவே அலையின் உச்சியும் அடியும் வெட்டுப்பட்டுத் தட்டையாகின்றன. வளைந்து வந்த அலை கிட்டத்தட்டச் சதுரமாகிவிடுகிறது.

தட்டையானால் ஏன் கரகரக்க வேண்டும்? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். கித்தாரின் ஐந்தாவது கம்பி விநாடிக்கு 110 முறை அதிர்கிறது. அதன் அலையைச் சதுரமாக்கினால் 330, 550, 770 என்று மும்மடங்கு, ஐம்மடங்கு, ஏழு மடங்கு அதிர்வுகளும் சேர்ந்து பலமாக ஒலிக்கும். நாம் அலையைத்தான் வெட்டினோம், ஒலிகளோ பெருகிவிட்டன!

ஆரம்பகாலப் பெடல்களில் இருந்தவை ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள். சூடேறினால் அவற்றில் மின்சாரம் தானாகவே கசியும். சித்திரை வெயிலில் நாகர்கோவில் மேடையில் அப்படி ஒரு பெடலை வைத்தால், காலையில் கேட்ட ஒலி நண்பகலில் மாறியிருக்கும். சிலிக்கானாலான பிசி547 அவ்வளவு எளிதில் மாறாது.

செய்து பார்க்க ஆசையா? உங்கள் ஊர்த் தேவாலயத்தில் கித்தார் வாசிக்கும் அண்ணனையோ அக்காவையோ கூட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். சால்டரிங் செய்யும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். பேட்டரி மட்டும்தான், வீட்டு மின்சாரத்தோடு இணைக்கவே கூடாது. புதுப் பேட்டரியில் ஒருமுறையும் தீரப்போகிற பேட்டரியில் ஒருமுறையும் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். வோல்ட் குறையக் குறைய அலை இன்னும் சீக்கிரமாக வெட்டுப்படும். அந்த ஒலிக்காகவே பழைய பேட்டரிகளைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கும் கித்தார் கலைஞர்கள் இருக்கிறார்கள்.