தேனீக்கும் வேண்டும் புரதம்

கடலூரை அடுத்த செம்மங்குப்பம் போன்ற கடலோர ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மழை நாள்கணக்கில் விடாது பெய்வதுண்டு. அப்போது தேனீக்கள் இரை தேடிச் செல்ல இயலாது. தேனீ வளர்ப்போர் பெட்டிக்குள் சர்க்கரைப் பாகு வைத்து அவற்றைக் காப்பாற்றுவர். பாகு மட்டும் போதுமா?

போதாது. தேனும் பாகும் பறப்பதற்கு வேண்டிய ஆற்றலைத் தருபவை. உடலை வளர்ப்பது புரதம். அதைத் தேனீ மகரந்தத்திலிருந்து பெறுகிறது. இளம் வேலைக்காரத் தேனீக்கள் மகரந்தத்தை உண்டு, தலையிலுள்ள சுரப்பிகளில் பால் போன்ற கூழைச் சுரக்கின்றன. ராணிக்கும் இளம் புழுக்களுக்கும் அதுவே உணவு. மகரந்தம் தீர்ந்துவிட்டால் இச்செவிலித் தேனீக்கள் தம் உடலிலுள்ள புரதத்தைச் செலவிட்டுக் கூழ் சுரக்கும். அதுவும் குறைந்தால் புழுக்களையே தின்றுவிடும்!

இந்த இழப்பு உடனே வெளியில் தெரியாது. முட்டை, தேனீயாக வெளிவர ஏறத்தாழ 3 வாரம் ஆகும். அது வயலுக்குப் பறக்க மேலும் 2, 3 வாரம் ஆகும். பண்ருட்டி, விருத்தாசலம் பகுதிகளில் தை, மாசியில் முந்திரி பூக்கிறது. அப்பூவில் தேன் திரட்ட வேண்டிய தேனீக்கள் கார்த்திகை, மார்கழியிலேயே முட்டையிலிருந்து வளரத் தொடங்க வேண்டும். மழைக்காலத்துப் பட்டினி கோடையின் தேனைக் குறைத்துவிடும் என்பது இதனால்தான்.

கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டத்திலும் இதே கணக்குத்தான். அங்கே ரப்பர் மரம் துளிர்க்கையில் இலைக்காம்பு நுனியிலுள்ள சுரப்பிகளில் தேன் ஊறுகிறது. பூவில் ஊறாத தேன் ஆகையால் அதனுடன் மகரந்தம் கிடைப்பதில்லை. அதற்குத் தேனீக்கள் தென்னை முதலிய மரங்களை நாடவேண்டும்.

மகரந்தம் கிடைக்காத நாட்களில் மாற்றுணவு கொடுக்கலாம். அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹைடாக் என்பவர் வகுத்த கலவை புகழ்பெற்றது. கொழுப்பு நீக்கிய சோயா மாவு 3 பங்கு, உலர்ந்த ஈஸ்ட் 1 பங்கு, கொழுப்பு நீக்கிய பால் பொடி 1 பங்கு. இவற்றைச் சர்க்கரைப் பாகில் சப்பாத்தி மாவுபோலப் பிசைந்து, மெல்லிய அடையாகத் தட்டிச் சட்டங்களின் மேல் வைக்கவேண்டும். பாலிலுள்ள சர்க்கரை தேனீக்கு ஒவ்வாது. எனவே பால் பொடியைக் கூட்டக்கூடாது.

பிற பெட்டிகளின் மகரந்தத்தைக் கலப்பதும் ஆபத்து. 1990களின் தொடக்கத்தில் தென்னிந்தியத் தேனீக் கூட்டங்களைப் பேரளவில் அழித்த தாய் சாக்புரூட் வைரஸ், மகரந்தத்தின் வழியாகவும் பரவக்கூடியது.

முதலில் அடையைப் பாருங்கள். புழு அறைகளைச் சுற்றி மகரந்தம் நிறைந்திருந்தால் எதுவும் தரவேண்டாம். இல்லையெனில் சிறிது சிறிதாகக் கொடுங்கள். பூசணம் பிடிக்குமுன் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். பூக்கள் மலர்ந்ததும் நிறுத்திவிடலாம். இயற்கை மகரந்தத்துக்கு இணையானது வேறில்லை.